வலப்பக்கம் காலி

ரெஜிஸுக்குக் கத்தி கிடைக்கவில்லை.

"மறுபடியும் கத்தி வைக்க மறந்துட்டாங்க பாரு," என்று முட்கரண்டியால் தட்டின் விளிம்பைத் தட்டினார். "நேத்து சோமூர்லயும் இதே கூத்து. இவங்கல்லாம் விடுதி நடத்துறாங்களாம்."

கத்தி அங்கேதான் இருந்தது. தட்டுக்கு வலப்பக்கம், கத்தி என்று ஒன்று மேசைக்கு வந்த நாளிலிருந்து எங்கே இருக்கிறதோ அங்கே. அதை ஒட்டி அவரே கேட்டு வாங்கிய வெள்ளை ஒயின் தொடப்படாமல் வெயிலில் சூடாகிக்கொண்டிருந்தது. ஒயினை அப்படி அநாதையாக விடுகிற ஆள் இல்லை ரெஜிஸ்.

ஒதீல் கை நீட்டிக் கத்தியை எடுத்துத் தட்டின் இடப்பக்கம் வைத்தாள். "இந்தா. துண்டுக்கு அடியில கிடந்துது."

"அதான பார்த்தேன்," என்று சொல்லிவிட்டு அவர் ஆட்டுப்பால் சீஸை வெட்ட ஆரம்பித்தார். ஒதீலுக்குப் பசி போய்விட்டது. கட்டிய கணவனிடம் ஒரு கத்தி விஷயத்தில் ஏன் பொய் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. 

ஓய்வு பெற்றதிலிருந்து ரெஜிஸ் இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். லாவால் ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். அந்த ஊரில் உரிமம் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அவர் கையால் தேறியவர்கள். மீதிப் பேர் அவரிடம் திட்டு வாங்க முடியாமல் வேறு பள்ளிக்குப் போனவர்கள். நெடுஞ்சாலைப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது, லுவார் ஆற்றை ஒட்டியே ஊர்ந்து போக வேண்டும், ஒரு நாளைக்கு ஒரு அரண்மனை, ஒரு தோட்டம், ஒரு நல்ல சாப்பாடு, அவ்வளவுதான் திட்டம். கடைசியில் தூர் ஊர் ரயில் நிலையத்தில் கப்புசினை ஏற்றிக்கொண்டு, அவளுக்கும் நாலு கோட்டைகளைக் காட்டி, வீடு திரும்ப வேண்டியது.

கப்புசின் எதிர்வீட்டுக் குழந்தை. ஏழு வயது. பிள்ளை இல்லாத இந்த இரண்டு பேருக்கும் ஞானமகள். கோயிலில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றியபோது அவளைக் கையில் ஏந்தி நின்றவர் ரெஜிஸ். 'பரேன்' என்றுதான் கூப்பிடுவாள், ஞானத்தகப்பனை எல்லாப் பிள்ளைகளும் கூப்பிடுகிற மாதிரி. காரில் அவளுக்கென்று ஓர் இடம் உண்டு. பின்சீட்டில் வலப்பக்க ஓரம். அந்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும், ஓட்டுபவர் இடப்பக்கம் உட்காருவார்; அதனால் அங்கே உட்கார்ந்தால்தான் ஓட்டுகிற பரேனுடைய முகம் தெரியுமாம்.

கார் பள்ளிக்கூடத்துக் கார். பள்ளியை விற்றபோது இதை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டார் ரெஜிஸ். வாத்தியார் உட்காரும் வலப்பக்க இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. இனி எதற்கு, கழற்றிவிடுங்கள் என்று மெக்கானிக் சொன்னதற்கு, "நல்லா இருக்கிற பல்லை எவனாவது பிடுங்குவானா?" என்று கேட்டுவிட்டார். இப்போது அந்த இருக்கை ஒதீலுடையது. அந்த மிதிகளுக்கு முன்னால் சாப்பாட்டுக் கூடையை வைத்துவிட்டுக் காலை ஒடுக்கிக்கொண்டு உட்காருவது அவள் வழக்கம். அவற்றைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

ஆகாததற்குக் காரணம் உண்டு. ஒதீலிடமும் உரிமம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் அவள் ஓட்டுவாள், அவர் பக்கத்தில் வாத்தியார் இருக்கையில் இருப்பார். ஒவ்வொரு குறுக்குத்தெருவிலும் அவள் பிரேக்கைத் தொடுவதற்கு முன்னால் அவர் கால் மிதித்துவிடும். ஒரு சந்தை நாளன்று, ஊர் நடுச் சதுக்கத்தில் அப்படி மிதித்ததில் வண்டி குலுங்கி நின்று, காய்கறிக்காரிகள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒதீல் சாவியை அவர் மடியில் போட்டாள். "உன் காலு அங்க இருக்கிற வரைக்கும் என் கை இங்க இருக்காது," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தே போனாள். அதற்கப்புறம் அவள் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அதெல்லாம் பழைய கதை. இப்போது அவள் கைவிரல்கள் ஓட்டுவது எப்படி என்பதையே மறந்திருக்கும்.

சோமூரில்தான் முதல் சேதம். ஒரு குறுகலான தெருவில் காரின் வலப்பக்கக் கண்ணாடி குப்பைத்தொட்டியில் இடித்துத் தெறித்தது. "தொட்டிய நடுரோட்டுல வச்சிருக்கான் மடையன்," என்றார் ரெஜிஸ். தொட்டி நடைபாதை மேல், சுவரோடு சுவராக இருந்தது. ஒதீல் உடைந்த கண்ணாடியை ஒட்டுநாடாவால் சுற்றிக் கட்டினாள். அப்போதுகூட அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. யாருக்கும்தான் ஒரு தொட்டி இடிக்கும்.

சாப்பிட்டு முடித்து வெர்மோன் அரண்மனைக்குப் போனார்கள். வழிகாட்டிப் புத்தகங்களில் கடைசிப் பக்கத்தில் வருகிற சின்ன அரண்மனை அது. ஆனால் தோட்டம் பெரியது. மாடித் தளத்தில் நின்று பார்த்தால் நடுவில் ஒரு நீண்ட பாதை, கோடு கிழித்த மாதிரி ஓடும். இடப்பக்கம் என்ன உண்டோ அதுவே வலப்பக்கமும். இங்கே ஒரு கூம்பு என்றால் அங்கே ஒரு கூம்பு, இங்கே நீர்த்தொட்டி என்றால் அங்கேயும். தோட்டம் போடுவதென்றால் இப்படித்தான் என்று அந்தக் காலத்து ராஜாக்கள் முடிவுகட்டிவிட்டார்கள், செடிகளைக் கேட்காமலே.

ஒதீல் கைப்பிடிச் சுவரருகே வந்து பார்த்தவள், "ஐயோ," என்றாள்.

வலப்பக்கம் முழுக்கச் செத்துக் கிடந்தது. கத்தரித்து வளர்த்த வேலிச்செடியைப் பூச்சி தின்றிருந்தது. லாவாலில் கல்லறைத் தோட்டத்து வேலியையும் இதே பூச்சிதான் தின்று தீர்த்தது. பழுப்புக் குச்சிகளும், வேரோடு பிடுங்கிக் குவித்த புதர்களும், வெறும் மண்ணும் தெரிந்தன. இடப்பக்கம் மட்டும் மருந்தடித்துக் காப்பாற்றியிருந்தார்கள் போல, பச்சைப் பசேலென்று இருந்தது.

ரெஜிஸ் அவள் பக்கத்தில் வந்து நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"அடடா! என்ன அழகு. ரெண்டு பக்கமும் அச்சுல வார்த்த மாதிரி."

ஒதீல் கேலி என்று நினைத்துச் சிரிக்கப் போனாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அவர் கேலி பண்ணவில்லை. கண் கலங்கும் அளவுக்கு ரசித்துக்கொண்டிருந்தார். பாதித் தோட்டத்தைக் கண்ணால் பார்த்து, மீதிப் பாதியை மனதாலேயே வரைந்து முடித்துவிட்டிருந்தார்.

அப்போதுதான் அவளுக்குக் கத்தியும் ஒயினும் குப்பைத்தொட்டியும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. செய்தித்தாளை வாங்கி இரண்டு வரி படித்துவிட்டு, "எழுத்தைச் சின்னதாக்கிட்டானுங்க," என்று மடித்து வைப்பதும் நினைவுக்கு வந்தது. பயம் என்றால் என்ன என்று அவளுக்கு அந்த நிமிஷம் தெரிந்தது. 

படியிறங்கிப் போகும்போது அவர் ஒரு தள்ளுவண்டிமேல் மோதினார். செத்த செடிகளை அள்ளிக்கொண்டு வலப்பக்கப் பாதையிலிருந்து வந்தவர் தோட்டக்காரர், தாடிவைத்த இளவட்டம். குச்சிகள் எல்லாம் சரிந்து ரெஜிஸின் கால்சட்டைமேல் கொட்டின.

"கண்ணு எங்கய்யா வச்சிருக்க?" என்று கத்தினார் ரெஜிஸ்.

"மிஸ்யே, நான் வலப்பக்கத்துலேர்ந்து வந்தேன்," என்று சிரித்தார் தோட்டக்காரர். "சட்டப்படி வழி எனக்குத்தான். தப்பு பண்ணினதுக்கு உங்க உரிமத்துல புள்ளி கழிச்சிடப் போறாங்க, பாத்து!"

நல்ல நகைச்சுவைதான். எந்தப் பலகையும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவனுக்கே வழி என்பது அந்த நாட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதை மாணவர்களின் மண்டையில் ஏற்றுவதிலேயே ரெஜிஸின் ஆயுசு போயிருக்கிறது. 'வலது! வலது! வலதைப் பாக்காதவன் கல்லறைக்கு நேர்வழி பாக்குறான்!' என்று அவர் போடும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். இப்போது அவர் சிரிக்கவில்லை. குச்சிகளைத் தட்டிவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

எலுமிச்சை வாசம் வீசும் மரங்களுக்குக் கீழே ஒரு கல் பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தார்கள். ஒதீல் அவருக்கு வலப்பக்கம். ஒரு முழ தூரம்கூட இல்லை. அவள் பையிலிருந்து ஓர் ஆப்ரிகாட் பழத்தை எடுத்து, அவர் காதுக்கு நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் காத்திருந்தாள்.

ரெஜிஸ் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடப்பக்கம் திரும்பினார். பிறகு எழுந்து பார்க்கிற மாதிரி கழுத்தை எக்கினார்.

"ஒதீல்? எங்க போயிட்ட?"

 அவள் பழத்தை இன்னும் ஒரு விரற்கடை முன்னால் நீட்டினாள்.

"ஒதீல்!" என்று அவர் குரல் உயர்ந்தது.

"இங்கதான் இருக்கேன்," என்றாள்.

அவர் தூக்கிவாரிப் போட்டவராக முழுக்கத் திரும்பினார். "இப்படியா பூனை மாதிரி வந்து உக்காருவ? உயிரே போச்சு." பழத்தை அவள் கையிலிருந்து வாங்கிக் கடித்தார். அவள் எழுந்து போகவே இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. இந்தப் பயணம் முழுக்கக் காரில் அவர் தன்னைப் பார்க்கவே இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. வழியெல்லாம் அவர் பேசியது காணாமல் போன ஒரு பாதியோடு.

நாளை மத்தியானம் கப்புசின் அந்தப் பாதியில் வந்து உட்காருவாள்.

சொல்லித்தான் ஆக வேண்டும். விடுதி அறைக்குத் திரும்பியதும், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்.

"ரெஜிஸ், உனக்கு வலப்பக்கம் தெரியல."

"என்னது?"

"தெரியல. கத்தி தெரியல, தொட்டி தெரியல. தோட்டத்துல பாதி செத்துக் கிடந்துது, அச்சுல வார்த்த மாதிரிங்கிற. நாளைக்கு டாக்சி சொல்லலாம். நேரா ஆஸ்பத்திரி போவோம்."

 ரெஜிஸ் ஜன்னலருகே போய் இடக்கண்ணைப் பொத்திக்கொண்டார். "எதிர்க்கடை பலகையப் படிக்கட்டுமா? 'மருந்தகம். ஞாயிறு விடுமுறை.' சரியா?" வலக்கண்ணைப் பொத்தினார். "'மருந்தகம். ஞாயிறு விடுமுறை.' போதுமா? ரெண்டு கண்ணும் கழுகுக் கண்ணு. கண்ணாடி மட்டும் மாத்தணும், ஊருக்குப் போய் மாத்திக்கிறேன்."

ஒதீல் திகைத்துப் போனாள். உண்மையிலேயே படித்தார். ஒவ்வொரு கண்ணாலும் படித்தார். அப்படியானால் தான்தான் கிறுக்குப் பிடித்து அலைகிறோமா?

"அப்ப பெஞ்சுல நான் பக்கத்துல இருந்தது ஏன் தெரியல?"

"தோட்டத்தப் பாக்க வந்தவன் பொண்டாட்டியவா பாத்துட்டு இருப்பான்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. "ஒதீல், ஒரு கீறல் இல்லாம இத்தன வருஷம் ஓட்டினவன் நான். என் பழைய சிநேகிதன் ஃபேபியான் கிட்டேர்ந்து உரிமத்த வாங்கிட்டாங்களே, அப்புறம் அவன் என்ன ஆனான்? ஜன்னலாண்ட உக்காந்தான். எந்திரிக்கவே இல்ல. என்னையும் அப்படி உக்கார வைக்கப் பாக்குறியா?"

அவர் பயப்படுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. பயப்படுகிற ஆண்பிள்ளையோடு வாதாடி ஜெயித்தவர்கள் யார் இருக்கிறார்கள்? ரெஜிஸ் சாவியைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை கிளம்பும்போது ஒதீல் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தாள்.

"கூடைய ஏன் அங்க வைக்கிற?"

"கால் நீட்டணும்போல இருக்கு."

இதுவும் பொய்தான். முதல்முறையாக அவள் காலை அந்த மிதிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரும்பு குளிர்ந்திருந்ததா, அவள் கால்தான் குளிர்ந்திருந்ததா தெரியவில்லை.

சூரியகாந்தி வயல்களுக்கு நடுவே ரெஜிஸ் மெல்லத்தான் ஓட்டினார். அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது. கியர் மாற்றுவது வெண்ணெய் தடவுகிற மாதிரி. ஆனால் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் சாய்ந்து போய்க்கொண்டே இருந்தது. ஓரத்துப் புல் கதவில் உரசும். சரி செய்வார், மறுபடி சாய்வார். ஒதீல் கண்ணை இமைக்கவில்லை.

"வலப்பக்கம் டிராக்டர் வருது," என்றாள்.

"தெரியும்."

"வலப்பக்கம் ஒரு வேன் நிக்குது."

"தெரியும்னு சொல்றேன்ல."

"வலப்பக்கம்..."

"ஒதீல்!" என்று ஸ்டியரிங்கைக் குத்தினார். "நான் ஆயுசு பூரா மத்தவனுக்குச் சொன்ன வார்த்தைய எனக்கே சொல்றியா? இன்னொரு தடவ வலதுன்னு சொன்னா, சத்தியமா இங்கயே இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்."

போயிடுவார். அவருக்கு அந்த வீம்பு உண்டு. தான் இறங்கிவிட்டால் அந்த இருக்கை காலியாக இருக்கும், அந்த மிதியின்மேல் யார் காலும் இருக்காது, அவர் நேரே நிலையத்துக்குப் போய்க் குழந்தையை ஏற்றிக்கொள்வார். ஒதீல் வாயை மூடிக்கொண்டாள். வாய் மூடியதும் கண் இரண்டு மடங்கு வேலை செய்தது. ஒவ்வொரு வாசல், ஒவ்வொரு சந்து, ஒவ்வொரு மரத்து நிழல் வரும்போதும் அவள் உள்ளங்கால் தானாகவே எழும்பி நின்றது. மேரி மாதாவை வேண்டிக்கொள்ளலாம் என்று பார்த்தாள். வேண்டுதல் பாதியில் மறந்துபோனது.

ஒரு கிராமம் வந்தது. இரண்டு பக்கமும் வீடுகள், தெருவை ஒட்டியே சுவர்கள். ரொட்டிக்கடையைத் தாண்டி வலப்பக்கம் ஒரு சந்து திறந்தது. அங்கே பலகையும் இல்லை, கோடும் இல்லை. பலகை இல்லாவிட்டால் வழி யாருக்கு என்று காரிலிருந்த இரண்டு பேருக்கும் தெரியும், சந்திலிருந்து வந்த பெண்ணுக்கும் தெரியும்.

அவள் சைக்கிளில் வந்தாள். பின்னால் சிறு இருக்கையில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு குழந்தை ரொட்டித் துண்டு ஒன்றைச் சப்பிக்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைக்கவில்லை அவள். ஏன் குறைக்க வேண்டும்? வழி அவளுடையது. சீரான வேகத்தில் தெருவுக்குள் இறங்கினாள்.

ரெஜிஸின் கால் அசையவில்லை. அவர் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார்.

ஒதீல் மிதித்தாள்.

இரண்டு காலாலும் மிதித்தாள். முதுகு இருக்கையில் முட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த இரும்பு தரையைத் தொடும் வரை மிதித்தாள். டயர் கிறீச்சிட்டது, கூடை பின்னாலிருந்து பறந்து வந்து முன்சீட்டில் மோதியது, என்ஜின் ஒரு குலுக்கலோடு செத்தது. கார் மூக்குக்கு ஒரு கை தூரத்தில் சைக்கிள் கடந்து போனது. அந்தப் பெண் திரும்பி, இடக்கையைத் தூக்கி ஆட்டி, "மெர்சி!" என்றாள். முறைப்படி நின்ற வண்டிக்கு முறைப்படி ஒரு நன்றி. அவளுக்கு எதுவும் தெரியாது. குழந்தையும் ரொட்டியை ஆட்டியது.

"எங்கேர்ந்து முளைச்சா இவ?" என்றார் ரெஜிஸ். 

"வலப்பக்கத்துலேர்ந்து."

"நான் பாக்கல."

"தெரியும்."

"நீ பாத்தியா?"

"சந்து முனையிலேர்ந்தே பாத்தேன்."

அவர் அந்த மஞ்சள் தொப்பி தெருவின் இடப்பக்கம் திரும்பி மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தலையை மெல்ல, மிகவும் அதிகமாக, வலப்பக்கம் திருப்பினார். ஒதீலின் கால்கள் கண்ணில் படும் வரை திருப்பினார். கால்கள் இன்னும் மிதிமேலேயே இருந்தன. எடுக்கச் சொன்னாலும் அவளால் எடுத்திருக்க முடியாது. 

பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

லாவாலில் அவர் தேற்றிய அத்தனை பேரும் முதல் நாளே கேட்கும் வாசகம் ஒன்று உண்டு. பரீட்சையில் உன் காலுக்கு முன்னால் பக்கத்துச் சீட்டுக்காரன் கால் பிரேக்கில் பட்டால், கெஞ்சாதே, காரணம் சொல்லாதே, இறங்கிடு. எத்தனையோ பேர் அழுதுகொண்டு இறங்கிப் போவதை அவர் பார்த்திருக்கிறார்.

ரெஜிஸ் சாவியைத் திருகி அணைத்தார். கெஞ்சவில்லை, காரணம் சொல்லவில்லை. கதவைத் திறந்து இறங்கினார். காரின் முன்பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்து அவள் கதவைத் திறந்தார்.

"தள்ளி உக்காரு."

"என்னால முடியாது, ரெஜிஸ். கை மறந்துபோச்சு."

"முடியும். நீ நல்லா ஓட்டுவ. அப்பவே நல்லாதான் ஓட்டின," என்றார். இதை அவர் சொல்ல இத்தனை காலம் ஆகியிருக்கிறது. "நான்தான் பயந்துட்டேன்."

ஹாரன்காரன் இறங்கி வந்து என்னவோ திட்ட வாயெடுத்தான். ரெஜிஸின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் வண்டிக்குத் திரும்பிவிட்டான்.

ஒதீல் இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். ஸ்டியரிங் மிகப் பெரியதாகத் தெரிந்தது. அவர் சொல்லச் சொல்ல, இருக்கையை முன்னால் இழுத்தாள், நடுக்கண்ணாடியைத் திருப்பினாள், பெல்ட்டை மாட்டினாள். சாவியைத் தொட்டவள் நின்றாள்.

"உன் காலு?"

ரெஜிஸ் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பழக்கத்தில் அவை வாத்தியார் மிதிமேல் போய் உட்கார்ந்திருந்தன. அவர் இரண்டையும் தூக்கி இருக்கையின்மேல் மடக்கி, முட்டியைக் கைகளால் கட்டிக்கொண்டார். அறுபதைத் தாண்டிய அந்தப் பெரிய உடம்பு பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி சுருண்டு உட்கார்ந்தது. 

"எடுத்துட்டேன். போ."

வண்டி இருமி, குதித்து, ஒருமுறை செத்து, பிறகு நகர்ந்தது. அடுத்த சந்திப்பு வந்ததும் ஒதீல் வேகத்தைக் குறைத்தாள்.

"வலது?" என்றார் ரெஜிஸ்.

"வலது காலி," என்றாள் எக்கிப் பார்த்துவிட்டு.

"இடது நான் பாத்துட்டேன். காலி. போ."

அப்படியேதான் போனார்கள். வலது அவள் சொன்னாள், இடது அவர் சொன்னார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு முழுத் தெரு கிடைத்தது. நகரத்துப் பாலத்தின்மேல் லாரிகள் உரசிக்கொண்டு போனபோது அவள் சத்தமாகவே அழுதாள், ஆனால் ஸ்டியரிங்கை விடவில்லை. அவர் கால்கள் ஒருமுறைகூட இருக்கையை விட்டு இறங்கவில்லை. கண் இரண்டும் படிக்கிறதென்றால் தலைக்குள்தான் என்ன உடைந்திருக்கிறதோ, ஆஸ்பத்திரியில் என்ன சொல்வார்களோ, ஒட்டவைக்க முடியுமோ முடியாதோ என்ற பயம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது.

ரயில் நிலையத்து வாசலில் வண்டியைக் கோணலாக நிறுத்திவிட்டு ஒதீல் உள்ளே ஓடினாள். குழந்தைகளை அழைத்து வரும் ரயில்வே பெண்ணிடம் கையெழுத்துப் போட்டுக் கப்புசினைக் கூட்டி வந்தாள். குழந்தை கையை உதறிக்கொண்டு காருக்கு ஓடி, வலப்பக்க ஜன்னலைத் தட்டினாள்.

"பரேன்! பரேன்!"

ரெஜிஸ் முகம் மலர்ந்து இடப்பக்கம் திரும்பினார். காலி ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தார். முன்னால் பார்த்தார். மறுபடி இடப்பக்கம் தேடினார். ஒதீல் கதவைத் திறந்து, அவர் தாடையைப் பிடித்து, மெல்ல வலப்பக்கம் திருப்பினாள். குழந்தையின் முகம் வந்ததும் அவர் கண் அங்கேயே நின்றது.

கப்புசின் இதை ஏதோ விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். தன் ஓரத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் கவனித்தாள்.

"நீ ஏன் வாத்தியார் சீட்டுல இருக்க? ஒதீலுக்குப் பரீட்சையா?"

"எனக்குத்தான் பரீட்சை நடந்துது, குட்டி," என்றார் ரெஜிஸ். "தோத்துட்டேன்."

"போ, பொய்! நீ எங்கயாவது தோப்பியா?"

 ஒதீல் என்ஜினைக் கிளப்பினாள். "முதல்ல ஆஸ்பத்திரி போறோம், கப்புசின். பரேனோட கண்ணக் காட்டணும். அரண்மனையெல்லாம் அப்புறம்."

"சரி," என்றாள் குழந்தை. அவளுக்கு எல்லாமே சரிதான்.

சதுக்கத்தின் வாயிலில் வண்டி நின்றது. ரெஜிஸ் முட்டியைக் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வலது?"

ஒதீல் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வலது காலி, பரேன்!"

ஒதீல் இருந்தாலும் எக்கி, தானும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.